ராத்திரி 10 மணி நேரம், எடை 10 கிலோ: கைக்குழந்தைக்கு டயாலிசிஸ் எப்படி நடக்கிறது?

“கைக்குழந்தைக்கா? டயாலிசிஸா? அது வயசானவங்களுக்குத்தானே பண்ணுவாங்க?”

இந்தக் கட்டுரைக்காகத் தகவல் திரட்டிக்கொண்டிருந்தபோது வீட்டில் அத்தை கேட்ட கேள்வி இது. அவரைக் குறை சொல்ல முடியாது. டயாலிசிஸ் என்றதும் நம் மனதில் வரும் படம் ஒன்றுதான். சாய்வு நாற்காலி, கையில் ஊசி, பக்கத்தில் ஆளுயர மெஷின், நாலு மணி நேரம் அசையாமல் படுத்திருக்கும் ஒரு பெரியவர். மூன்று கிலோ எடையுள்ள ஒரு குழந்தையை அந்தப் படத்துக்குள் பொருத்தவே முடியாது.

ஆனால் சிறுநீரகம் வேலை செய்யாமலே பிறக்கும் குழந்தைகள் உண்டு. எண்ணிக்கை குறைவு, ஆனால் இருக்கிறார்கள். விழுப்புரம், கடலூர், திண்டிவனம் பக்கம் பிறந்து, உள்ளூர் மருத்துவமனையில் “கிரியாட்டினின் ஜாஸ்தியா இருக்கு, புதுச்சேரிக்குக் கொண்டு போங்க” என்று எழுதிக் கொடுக்கப்பட்டு, கோரிமேட்டில் ஜிப்மர் வாசலில் வந்து நிற்கிற குடும்பங்களுக்கு அந்த நேரத்தில் ஒரே கேள்விதான்: இதுக்கு வைத்தியம் இருக்கா?

இருக்கிறது. ஆனால் அந்த வைத்தியத்தில் பெரும்பகுதி மருத்துவமனையில் நடப்பதில்லை, வீட்டில்தான் நடக்கிறது.

வயிற்றுக்குள் இருக்கும்வரை தெரியாது

முதலில் பலரையும் குழப்பும் ஒரு விஷயம். “பிறந்தப்போ நல்லாத்தானே இருந்தான், மூணு நாள்ல என்ன ஆச்சு?” என்று பெற்றோர் கேட்பார்கள். காரணம் நஞ்சுக்கொடி. கருவில் இருக்கும் ஒன்பது மாதமும் குழந்தையின் கழிவுகளைச் சுத்தம் செய்வது அம்மாவின் சிறுநீரகம்தான். அதாவது, எந்த மெஷினும் கிட்டே வர முடியாத அளவுக்குத் திறமையான டயாலிசிஸ் அது. பிறந்த அன்று குழந்தையின் ரத்தத்தில் எடுக்கும் கிரியாட்டினின் அளவுகூட கிட்டத்தட்ட அம்மாவின் அளவுதான். தொப்புள்கொடியை வெட்டிய பிறகுதான் குழந்தையின் சொந்த சிறுநீரகத்துக்குச் சோதனை ஆரம்பிக்கிறது. வழக்கமாக அடுத்த நாட்களில் அந்த எண் இறங்க வேண்டும். இறங்காமல் ஏறிக்கொண்டே போனால் பிரச்சினை.

ஆனால் சிறுநீரகம் கருவிலேயே ஒரு தடயம் விட்டுவைக்கும். கர்ப்பத்தின் பிற்பாதியில் பனிக்குடநீர் என்பது பெரும்பாலும் குழந்தை கழிக்கும் சிறுநீர்தான். அது குறைந்தால் ஸ்கேனில் தெரியும். 18 முதல் 20 வாரத்தில் எடுக்கும் அனாமலி ஸ்கேனில் சிறுநீரகம் வீங்கியிருப்பதும், நீர்க்கட்டிகள் இருப்பதும் தெரியக்கூடும். “தண்ணி கம்மியா இருக்கு, இளநீர் குடிங்க” என்று உறவினர்கள் சொல்வது வழக்கம். தண்ணீர் ஏன் குறைந்தது என்று மருத்துவரிடம் கேட்பதுதான் முக்கியம். பனிக்குடநீர் ரொம்ப சீக்கிரமே வற்றிப்போனால் குழந்தையின் நுரையீரல் வளராது. பல நேரங்களில் குழந்தை பிழைக்குமா என்பதை முடிவு செய்வதே சிறுநீரகம் அல்ல, அந்த நுரையீரல்தான்.

காரணங்கள் என்ன? பெரும்பாலும் சிறுநீரகமோ சிறுநீர்ப் பாதையோ கருவில் சரியாக உருவாகாமல் போவது. ஆண் குழந்தைகளில் சிறுநீர் வெளியேறும் குழாயில் மெல்லிய சவ்வு அடைத்துக்கொண்டிருக்கும் பிறவிக்குறை ஒன்று உண்டு. அடைப்பால் சிறுநீர் பின்னோக்கித் தள்ளி, பிறப்பதற்கு முன்பே சிறுநீரகத்தைக் கெடுத்துவிடும். சவ்வை நீக்குவது சிறிய அறுவை சிகிச்சைதான். ஆனால் அதற்குள் ஆன சேதம் திரும்பாது. ஆண் குழந்தை சிறுநீர் கழிக்கும்போது வேகமாகப் பீய்ச்சாமல் சொட்டுச் சொட்டாக வந்தால், அடிவயிறு உப்பலாக இருந்தால், “போகப் போக சரியாயிடும்” என்று விடாமல் காட்டிவிடுங்கள்.

இன்னொரு பகுதி மரபணுக் காரணங்கள். நீர்க்கட்டிகளால் நிறைந்த சிறுநீரகம், பிறந்த சில வாரங்களிலேயே புரதம் முழுக்க சிறுநீரில் போய்விடும் நோய் போன்றவை. இவற்றில் பல, அப்பா அம்மா இருவரிடமும் ஒரே பழுதான மரபணு இருந்தால் வருபவை. தாய்மாமன், அத்தை மகன் கல்யாணம் இன்னும் சகஜமாக இருக்கிற ஊர் நம்முடையது. தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் நாலில் ஒரு கல்யாணத்துக்கும் மேல் சொந்தத்துக்குள்தான். அப்படிக் கல்யாணம் செய்தவர்கள் குற்றவாளிகள் என்று சொல்ல வரவில்லை. அடுத்த குழந்தைக்கு முன் மரபணு ஆலோசனை கேட்க வேண்டியவர்கள் யார் என்பதற்காகத்தான் இதைச் சொல்கிறேன்.

ஒரு ஆதங்கம். 2013ல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தில் பிறவிக்குறைகளுக்கு என்று ஒன்பது அம்சப் பட்டியல் இருக்கிறது. பிளவுபட்ட உதடு, வளைந்த பாதம், பிறவி இதயக் கோளாறு எல்லாம் உண்டு. சிறுநீரகம் இல்லை.

பெரியவர்களின் மெஷின் ஏன் சரிவராது?

இது ஒரு எளிய கணக்கு. ஒரு கிலோ எடைக்குச் சுமார் 80 மில்லி என்ற கணக்கில், மூன்று கிலோ குழந்தையின் உடம்பில் இருக்கும் மொத்த ரத்தமே 240 மில்லிதான். ஒரு டீ டம்ளரைவிடக் கொஞ்சம் கூட. ரத்தத்தை வெளியே எடுத்துச் சுத்தம் செய்யும் ஹீமோடயாலிசிஸில், ஒரே நேரத்தில் உடம்பின் ரத்தத்தில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் குழாய்க்குள் இருந்தால் ஆபத்து. அதாவது 24 மில்லி. வழக்கமான குழாய்த் தொகுப்புகளில் இதைவிடப் பல மடங்கு ரத்தம் தங்கும். அதனால் குழாயையே தானமாகப் பெற்ற ரத்தத்தால் நிரப்பித்தான் ஆரம்பிக்க வேண்டியிருக்கும். பிறகு நூல் மாதிரி இருக்கும் ரத்தக் குழாய்களில் தடித்த கதீட்டரைப் பொருத்த வேண்டும். அந்தக் குழாய்கள் ஒருமுறை அடைத்துக்கொண்டால், பின்னாளில் தேவைப்படும்போது கிடைக்காது.

இதற்காகவே குட்டி மெஷின்கள் வந்திருக்கின்றன. இத்தாலியின் விசென்சா நகரில் கிளாடியோ ரொன்கோ தலைமையிலான குழு உருவாக்கிய கார்பிடியம் என்ற மெஷின் 2013ல் முதன்முதலாக மூன்று கிலோகூட இல்லாத ஒரு பச்சிளங்குழந்தைக்குப் பயன்பட்டது. அதன் சிறிய குழாய்த் தொகுப்பில் தங்குவது சுமார் 27 மில்லி. 2020ல் அமெரிக்காவும் அதற்கு அனுமதி கொடுத்தது. நல்ல விஷயம்தான். ஆனால் இவை தீவிர சிகிச்சைப் பிரிவில் சில நாட்கள், சில வாரங்கள் தாக்குப்பிடிக்க வைப்பதற்கானவை. ஒன்று, ஒன்றரை வருஷம் என்று போகிற சிகிச்சைக்கு வேறு வழி வேண்டும்.

வயிறே வடிகட்டி

அந்த வழி வயிற்றுக்குள்ளேயே இருக்கிறது. குடலைச் சுற்றிப் போர்த்தியிருக்கும் பெரிடோனியம் என்ற மெல்லிய உறை நிறைய ரத்த நாளங்கள் கொண்டது. வயிற்றில் ஒரு மெல்லிய ரப்பர் குழாயைப் பொருத்தி, அதன் வழியாக சர்க்கரையும் உப்புகளும் கலந்த சுத்தமான திரவத்தை உள்ளே விட்டால், ரத்தத்தில் இருக்கும் கழிவும் அதிகப்படி நீரும் உறையைத் தாண்டித் திரவத்துக்குள் வந்து சேரும். கொஞ்ச நேரம் கழித்து அதை வடித்துவிட்டுப் புதுத் திரவம் விட வேண்டும். அவ்வளவுதான். ரத்தம் உடம்பை விட்டு வெளியே வருவதே இல்லை.

எடையோடு ஒப்பிட்டால் குழந்தையின் பெரிடோனியத்தின் பரப்பு பெரியவர்களைப் போல சுமார் இரண்டு மடங்கு. அதனால் இந்த முறை குழந்தைகளுக்கு இயல்பாகவே பொருந்துகிறது.

இதில் புதுச்சேரிக்கும் ஒரு தொடர்பு உண்டு. மருத்துவமனைக்கு வராமல் வீட்டிலேயே தினமும் செய்துகொள்ளும் பெரிடோனியல் டயாலிசிஸ் யோசனை 1976ல் அமெரிக்காவின் டெக்சாஸில் பாப்பவிச், மான்கிரீஃப் இருவரிடமிருந்து வந்தது. இரண்டே வருஷத்தில் கனடாவின் டொரன்டோவில் குழந்தைகளுக்கும் செய்ய ஆரம்பித்தார்கள். இந்தியாவுக்கு இது வந்தது 1990களின் தொடக்கத்தில். கொண்டுவந்தவர்களில் முதன்மையானவர் சென்னையைச் சேர்ந்த சிறுநீரக மருத்துவர் ஜார்ஜி ஆபிரகாம். பின்னாளில் காலாப்பட்டில் உள்ள பிம்ஸ் மருத்துவக் கல்லூரியில் பேராசிரியராகவும் இருந்தவர். பிரெஞ்சுக்காரர்கள் 1823ல் தொடங்கிய மருத்துவப் பள்ளியின் வழிவந்த ஜிப்மர், அதன் குழந்தைகள் நலத் துறையில் சிறுநீரக நோய்களுக்கென்று தனிக் கவனம் செலுத்துகிறது. பெரிய நகரமாக இல்லாவிட்டாலும், இதைப் பற்றிக் கேட்டுத் தெரிந்துகொள்ள ஆள் இருக்கும் ஊர் இது.

ஒரு ராத்திரி எப்படிப் போகும்?

மருத்துவமனையில் குழாய் பொருத்தி, அது ஆறிய பிறகு, அம்மாவுக்கும் அப்பாவுக்கும் (சில வீடுகளில் பாட்டிக்கும்) பயிற்சி தருவார்கள். பிறகு வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள்.

ஒரு அறை. முடிந்தால் தனி அறை, இல்லாவிட்டால் ஒரு சுத்தமான மூலை. மின்விசிறியை நிறுத்து. ஜன்னலைச் சாத்து. முகக்கவசம் போடு. நகம் வெட்டிய கையை சோப்பு போட்டு முழங்கை வரை கழுவு, துடை, கிருமிநாசினி தடவு. அதற்கப்புறம்தான் குழாயின் மூடியைத் திறக்க வேண்டும். சைக்கிளர் என்ற மெஷின் இருந்தால், ராத்திரி குழந்தை தூங்கும்போது பத்துப் பன்னிரண்டு மணி நேரம் அதுவே திரவத்தை விட்டு எடுத்து விட்டு எடுத்துச் செய்யும். மெஷின் இல்லாவிட்டால், அல்லது குழந்தை ரொம்பச் சின்னதாக இருந்தால், அளவுக்குழாய் வைத்துக் கையாலேயே செய்ய வேண்டும். ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை, ராத்திரி முழுக்க.

எவ்வளவு திரவம்? ஆரம்பத்தில் கிலோவுக்கு 10 மில்லி. நாலு கிலோ குழந்தைக்கு 40 மில்லி, சங்கில் புகட்டும் மருந்து மாதிரிதான். பிறகு மெதுவாகக் கூட்டுவார்கள். இதில் ஒரு வேடிக்கை, வேதனையான வேடிக்கை: திரவம் விற்கும் பை பெரியவர்களுக்கான இரண்டு லிட்டர் அளவு. பிரித்த பையை நாள்கணக்கில் வைத்திருக்க முடியாது. குழந்தை பயன்படுத்தியது போக மிச்சம் சாக்கடைக்கு. விலை என்னவோ முழுப் பைக்குத்தான்.

கரண்ட் போனால்? இதைக் கேட்காமல் புதுச்சேரியில் யாரும் இருக்க முடியாது. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் நம் ஊர் பக்கம் கரையைக் கடந்தபோது, ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கும் மேல் கொட்டியது நினைவிருக்கும். தெருவெல்லாம் தண்ணீர், வீடெல்லாம் இருட்டு. அப்படி ஒரு ராத்திரியில் சைக்கிளர் ஓடாது. ஆனால் கை முறைக்குக் கரண்ட் தேவையில்லை. பையை உயரத்தில் தொங்கவிட்டால் இறங்கும், கீழே வைத்தால் வடியும். புவியீர்ப்பு போதும். அதனால்தான் மெஷின் வைத்திருக்கும் வீட்டிலும் கை முறையைக் கட்டாயம் கற்றுக்கொள்ளச் சொல்கிறார்கள். மழைக்காலத்துக்கு முன் பைகளைக் கூடுதலாக வாங்கி, தரையில் வைக்காமல் பரணில் வைப்பதும் நல்லது. இது நம் ஊர்ப் பிரச்சினை மட்டும் இல்லை. அதே 2024ன் செப்டம்பரில் ஹெலீன் புயல் அமெரிக்காவின் நார்த் கரோலினாவில் பாக்ஸ்டர் நிறுவனத்தின் தொழிற்சாலையை மூழ்கடித்தபோது, அந்த நாடு முழுக்கவே டயாலிசிஸ் திரவத்துக்குத் தட்டுப்பாடு வந்தது.

பயப்பட வேண்டியது எதற்கு? தொற்றுக்கு. வடிந்து வரும் திரவம் தெளிவாக இருக்க வேண்டும். அரிசி கழுவிய தண்ணீர் மாதிரி கலங்கலாக வந்தால், குழந்தைக்குக் காய்ச்சல் இல்லாவிட்டாலும் சரி, சிரித்து விளையாடிக்கொண்டிருந்தாலும் சரி, அந்தப் பையையும் எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்குக் கிளம்ப வேண்டும். “காலைல பாத்துக்கலாம்” கிடையாது.

உப்பு வேண்டும், பால் வேண்டும்

கிட்னி நோய் என்றால் உப்பு ஆகாது என்று நமக்கெல்லாம் தெரியும். வயிற்று டயாலிசிஸில் இருக்கும் கைக்குழந்தைக்கு இது பல நேரம் தலைகீழ். திரவத்தோடு சேர்ந்து உடம்பின் உப்பும் தினமும் வெளியே போகிறது. பால் மட்டுமே குடிக்கும் குழந்தைக்கு அதை ஈடுகட்ட உணவில் உப்பு இல்லை. அதனால் பல குழந்தைகளுக்கு மருத்துவரே அளந்து உப்பு சேர்க்கச் சொல்வார். வீட்டுப் பெரியவர்கள் “கிட்னி புள்ளைக்கு உப்பா?” என்று அதை நிறுத்திவிட்டால் ரத்த அழுத்தம் இறங்கிவிடும். அப்படி இறங்கி, கண் நரம்புக்கு ரத்தம் போகாமல் பார்வை இழந்த குழந்தைகளைப் பற்றி மருத்துவ இதழ்களில் பதிவுகள் இருக்கின்றன. இந்த ஒரு தகவலுக்காகவாவது கட்டுரையைக் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் போடலாம். (உப்பை நீங்களாகச் சேர்க்கவும் கூடாது. அளவு மருத்துவர் சொல்வதுதான்.)

தாய்ப்பால் கொடுக்கலாமா? கொடுக்கலாம், கொடுக்க வேண்டும். மாட்டுப்பாலில் பாஸ்பரஸ் அதிகம். தாய்ப்பாலில் குறைவு. ஆனால் இந்தக் குழந்தைகளுக்குப் பசியே இருக்காது. குடித்ததை வாந்தி எடுப்பார்கள். அதனால் பெரும்பாலும் மூக்கு வழியாகவோ வயிற்றில் நேரடியாகவோ வைத்த குழாய் மூலம் ஊட்ட வேண்டியிருக்கும். மனிதன் வாழ்நாளில் வேகமாக வளர்வது முதல் வருஷத்தில்தான். மூளையும் அப்போதுதான் வளர்கிறது. டயாலிசிஸ் எவ்வளவு நன்றாக நடந்தாலும் கலோரி போகாவிட்டால் பயனில்லை. பார்க்கிறவர்கள் “மூக்குல குழாய் போட்டு குழந்தைய கொடுமைப்படுத்தறாங்களே” என்பார்கள். அந்தக் குழாய்தான் குழந்தையை வளர்க்கிறது.

இவற்றோடு ரத்தம் ஊறுவதற்கு ஊசி, எலும்புக்கு வைட்டமின் டி, நேரம் தவறாத தடுப்பூசிகள். தட்டம்மை போன்ற உயிருள்ள கிருமித் தடுப்பூசிகளை மாற்று அறுவை சிகிச்சைக்கு முன்பே போட்டு முடிக்க வேண்டும். அதற்கப்புறம் போட முடியாது.

ஏன் 10 கிலோ?

இவ்வளவும் எது வரைக்கும்? சிறுநீரக மாற்று அறுவை சிகிச்சை வரைக்கும். பல மையங்கள் குழந்தை சுமார் 10 கிலோ ஆகும்வரை காத்திருக்கின்றன. சில இடங்களில் அதற்குக் கீழும் செய்கிறார்கள். காரணம், கொடுப்பவர் பெரும்பாலும் அம்மா அல்லது அப்பா. பெரியவரின் சிறுநீரகம் அந்தச் சின்ன வயிற்றில் உட்கார இடம் வேண்டும். அது குடிக்கும் ரத்தத்தைக் குழந்தையின் இதயம் தள்ளிக்கொடுக்க வேண்டும். நன்றாக வளரும் குழந்தை ஒரு வயதில் தொடும் எடை இது. டயாலிசிஸ் குழந்தைக்கு ஒன்றரை, இரண்டு, சில நேரம் அதற்கும் மேல் ஆகலாம். எடை மெஷினில் 200 கிராம் ஏறினால் அந்த வீட்டில் அன்று திருவிழா.

பிழைப்பார்களா? நேரடியாகவே சொல்லிவிடுகிறேன். பிறந்த முதல் மாதத்திலேயே டயாலிசிஸ் ஆரம்பித்த குழந்தைகளைப் பற்றிப் பல நாடுகளின் பதிவேடுகளைச் சேர்த்து 2014ல் ஓர் ஆய்வு வெளியானது. 264 குழந்தைகள். ஐந்து வருஷம் கழித்தும் உயிரோடிருந்தவர்கள் சுமார் நாலில் மூன்று பேர். இறந்தவர்களில் பலருக்குத் தொற்றுதான் காரணம். இந்த எண் நம்பிக்கை தரும். ஆனால் அந்தப் பதிவேடுகளில் பெரும்பகுதி, சிகிச்சைச் செலவை அரசோ காப்பீடோ ஏற்கும் நாடுகளுடையது. நம் ஊர்க் குழந்தைக்கு அதை அப்படியே பொருத்திப் பார்க்க முடியாது.

அதனால்தான் எல்லாக் குழந்தைகளுக்கும் டயாலிசிஸ் ஆரம்பிக்க வேண்டுமா என்பதில் உலகம் முழுக்க மருத்துவர்களிடையே ஒரே கருத்து இல்லை. சிறுநீரகத்தோடு நுரையீரலும் மூளையும் பாதிக்கப்பட்டிருந்தால், வலியில்லாமல் வைத்திருக்கும் பராமரிப்பு மட்டும் போதும் என்று சொல்லும் மருத்துவர்கள் உண்டு. அந்த முடிவை எடுத்த பெற்றோரை “கைவிட்டுட்டாங்க” என்று பேசுகிற உறவினர்கள், ஒரு ராத்திரி அந்த வீட்டில் வந்து தங்கிப் பார்த்துவிட்டுப் பேசலாம். எனக்கு இதில் சங்கடமாக இருப்பது இன்னொன்று: சில குடும்பங்களுக்கு இது முடிவாகவே வருவதில்லை. பணமும் தூரமும் அவர்களுக்காக முடிவு செய்துவிடுகின்றன.

செலவுக்கு யார்?

2016ல் தொடங்கிய பிரதமரின் தேசிய டயாலிசிஸ் திட்டம் ஆரம்பத்தில் மாவட்ட மருத்துவமனைகளில் ரத்த டயாலிசிஸ் மையங்களை மனதில் வைத்தது. அதாவது பெரியவர்களை. வயிற்று டயாலிசிஸுக்கான வழிகாட்டுதல் 2019ல்தான் வந்தது. ஆயுஷ்மான் பாரத் அட்டை இருந்தால் குடும்பத்துக்கு வருஷம் 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சைக்கு வழி உண்டு, புதுச்சேரியிலும் அது நடைமுறையில் இருக்கிறது. தமிழ்நாட்டுக்காரர்களுக்கு முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம்.

ஆனால் திட்டங்கள் பெரும்பாலும் மருத்துவமனைக்குள் நடப்பதற்குத்தான் சுலபமாகப் பணம் தரும். வீட்டுக்கு மாதாமாதம் வர வேண்டிய பைகள், பால் மாவு, ஊசி, குழாய் மூடி இவையெல்லாம் சேர்ந்துதான் பல ஆயிரங்கள். தவிர, ஒரு ஆள் வேலையை விட்டாக வேண்டும். அது அநேகமாக அம்மா.

நம் ஊருக்கே உரிய சிக்கல் ஒன்றும் உண்டு. கோட்டக்குப்பம் பக்கம் போனால் எங்கே புதுச்சேரி முடிந்து எங்கே தமிழ்நாடு தொடங்குகிறது என்று தெருவில் நின்று சொல்ல முடியாது. ரேஷன் கார்டில் மட்டும் தெளிவாகத் தெரியும். அம்மா வீடு ஒரு பக்கம், கார்டு இன்னொரு பக்கம் என்று இருக்கும் குடும்பங்கள், எந்த அட்டை எந்த மருத்துவமனையில் செல்லும், வீட்டுக்கான பைகளுக்கும் செல்லுமா என்பதைச் சேர்த்த நாளிலேயே அங்குள்ள மருத்துவ சமூகப் பணியாளரிடம் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். டிஸ்சார்ஜ் ஆகும் நாளில் கேட்டால் தாமதம். கர்ப்பகால ஸ்கேன் ரிப்போர்ட்டுகளைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், குழந்தையின் ஃபைலில் முதல் பக்கமாக வைக்க வேண்டியது அதுதான்.